சத்தம் போடாத கம்ப்யூட்டர்

கரியாஹாட், கல்கத்தா
9 நவம்பர் 2025

நரேன் அண்ணாவுக்கு,

சாதனா எழுதறேன். முதல்லயே சொல்லிடறேன், அம்மா நன்னா இருக்கா. முழங்கால் வலியைத் தவிர ஒண்ணும் இல்லை. இத்தனை நாள் கழிச்சு என் பேரைப் பார்த்ததும் நீ வேற ஏதாவது நினைச்சுண்டு பயந்துடக் கூடாதுன்னுதான் இதை முதல்ல எழுதறேன்.

நான் ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போறேன். கடையில ரெடியா வாங்கறது இல்லை. ஒவ்வொரு பாகமா வாங்கி நானே சேர்க்கறது. பெரிய கேம்ஸ் எல்லாம் தடங்கல் இல்லாம ஓடற மாதிரி, நல்லதா. ரெண்டு மாசமா படிச்சு ஒரு லிஸ்ட் போட்டிருக்கேன். ஆனா அம்மா ஒரு கண்டிஷன் போட்டுட்டா. "உங்கண்ணா பார்த்து சரின்னு சொன்னாத்தான் வாங்கணும். காலேஜ்ல அவன் எத்தனை பேருக்குக் கட்டிக் குடுத்திருக்கான்"ங்கறா. எதுக்கு இந்தக் கண்டிஷன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதைப் பத்திப் பேச வேண்டாம்.

லிஸ்டைக் கீழே சேர்த்திருக்கேன். ப்ராசஸர், மதர்போர்டு, முப்பத்திரண்டு ஜிபி ரேம், ரெண்டு டிபி எஸ்எஸ்டி இதெல்லாம் முடிவு பண்ணிட்டேன், மாத்தறதா இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு மூணு ஃபேன் வச்ச பெரிசு. தண்ணி ஓடற கூலர் வேண்டாம், பம்ப் சத்தம் வரும். கேபினட் உள்பக்கம் கம்பளி மாதிரி ஒட்டினது, கண்ணாடி வேண்டாம். பவர் சப்ளை எண்ணூத்தம்பது வாட். இருபத்தேழு இஞ்ச் மானிட்டர். ரெண்டு சின்ன ஸ்பீக்கர்.

தப்பு இருந்தா சொல்லு. சரின்னா சரின்னு ஒரு வரி போட்டாப் போதும்.

சாதனா


கப்பலிலிருந்து
16 நவம்பர்

சாதனா,

கடிதம் கிடைத்தது. இது பழைய சரக்குக் கப்பல். ஊழியர்களுக்கு இணையம் இல்லை, ஒரு நாளைக்கு இரண்டு தடவை மின்னஞ்சல் மட்டும் போய் வரும். பதில் தாமதமானால் வேறு காரணம் தேடாதே.

உன் பட்டியலில் இரண்டு தவறுகள். கூலரின் உயரம் நூற்று அறுபத்தெட்டு மில்லிமீட்டர். அந்தக் கேபினட்டில் நூற்று அறுபதுக்கு மேல் இடம் கிடையாது. பக்கக் கதவு மூடாது. கேபினட்டை மாற்று, கூலர் நல்லது. இரண்டாவது, பவர் சப்ளையை ஆயிரம் வாட்டாக எடுத்துக்கொள். அந்தக் கார்டு சில நொடிகளில் திடீரென்று நிறைய இழுக்கும். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடாதே. எல்லாப் பாகத்தையும் மாற்றிக்கொள்ளலாம். பவர் சப்ளை கெட்டால் அது மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகும்.

மானிட்டர் சரி. ரேம் சரி.

ஒன்று கேட்கிறேன். இவ்வளவு யோசித்துப் பட்டியல் போட்டவள் ஹெட்போனை எழுதவில்லையே. மறந்துவிட்டாயா? நீ மறக்கக்கூடிய பொருள் இல்லையே அது.

நரேன்


கரியாஹாட்
18 நவம்பர்

அண்ணா,

மறக்கலை. வாங்கப் போறதில்லை.

நீ அதைக் கேப்பேன்னு எனக்குத் தெரியும். ஆனா கேக்கறப்போ இப்படி வலிக்கும்னு தெரியலை. ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்து நான் உனக்குப் போன் பண்ணினப்போ நீ சொன்னதை நான் ஒரு எழுத்துக்கூட மறக்கலை. "உன் காதுல அந்தச் சனியன் இல்லேன்னா அப்பா விழுந்த சத்தம் கேட்டிருக்கும். அப்பா இருந்திருப்பார்." அதுக்கப்புறம் நீ வந்தே, காரியம் பண்ணினே, போனே. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. வர்ற ஜனவரிக்கு மூணு வருஷம்.

நீ சொன்னது பொய் இல்லை. காலம்பர ஒன்பது மணி, எனக்கு லீவு, ரூம்ல விளையாடிண்டிருந்தேன். அம்மா மார்க்கெட் போயிருந்தா. அப்பா குளிக்கப் போனார். எத்தனை நேரம் கழிச்சு நான் ஹெட்போனைக் கழட்டினேன்னு இன்னிவரைக்கும் கணக்கு வரலை. இருபது நிமிஷம்னு ஒரு நாள் தோணும், நாப்பதுன்னு ஒரு நாள் தோணும்.

அதுக்கப்புறம் நான் எதையும் தொடலை. ஆபீஸ் போறேன், நியூ டவுன்ல பஸ் ஏறறேன், வீட்டுக்கு வந்து சுவத்தைப் பார்த்துண்டு உட்காரறேன். அம்மாதான், "இந்த வீடு ரொம்ப நிசப்தமா இருக்குடீ, நீ முன்னாடி மாதிரி விளையாடு"ன்னு ஆரம்பிச்சா.

சரின்னேன். ஆனா எனக்கு பயம். லிஸ்டைத் திரும்பப் பாரு, புரியும். மெல்ல சுத்தற ஃபேன், கம்பளி ஒட்டின கேபினட், பம்ப் இல்லாத கூலர். எல்லாம் எதுக்குன்னா, மிஷின் ஓடறப்போ அம்மா அடுத்த ரூம்ல தும்மினாக்கூட எனக்குக் கேக்கணும். மிஷினை அப்பா ரூம்ல, அந்த பாத்ரூம் கதவைப் பார்த்த மாதிரி வைக்கப் போறேன். அப்பாவுக்கப்புறம் அந்த பாத்ரூமை நாங்க உபயோகிக்கறதில்லை. இருந்தாலும்.

நீ ஹெல்ப் பண்ணினா பண்ணு. இல்லேன்னா அம்மாகிட்ட நீ சரின்னு சொன்னதா நானே பொய் சொல்லிக்கறேன்.

சாதனா


கப்பலிலிருந்து
25 நவம்பர்

சாதனா,

ஒரு வாரமாக எழுதி எழுதி அழித்தேன். ஹெட்போன் பற்றி நான் கேட்டிருக்கக் கூடாது. இதற்கு மேல் எழுதினால் எது எதையோ எழுதிவிடுவேன். தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சத்தம் வேண்டாம் என்றால்: ஆயிரம் வாட் பவர் சப்ளை அதற்கும் நல்லது. பாதிப் பளுவுக்குக் கீழே அதன் ஃபேன் சுற்றாமலே நிற்கும். கேபினட்டில் பதினான்கு சென்டிமீட்டர் ஃபேன்கள் மூன்று போடு. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும். திருகுக்குப் பதில் ரப்பர் ஆணி கிடைக்கும், அதைக் கேள். கிராஃபிக்ஸ் கார்டில் வேகத்தை எண்பது சதவீதத்துக்குக் கட்டிப்போடலாம், விளையாட்டில் வித்தியாசம் தெரியாது. மேசைக்குக் கீழே தரையில் வைக்காதே, தூசி இழுக்கும்.

ப்ராசஸரை வைக்கும்போது அழுத்தாதே. அது தானாக உட்கார வேண்டும். சாக்கெட்டில் உள்ள ஊசிகள் தலைமயிர் மாதிரி. ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு.

அப்பா அறையின் பிளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை, அந்தப் பெரிய ஓட்டை, அதில் எர்த் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு எலக்ட்ரிக் மிஸ்திரியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். மிஷினைப் போடுவதற்கு முன்பே. இதை மட்டும் மறக்காதே.

நரேன்


கரியாஹாட்
7 டிசம்பர்

அண்ணா,

கட்டிட்டேன்!

சாந்தினி கம்ப்யூட்டர் மார்க்கெட்டுக்கு நாலு தடவை போனேன். கடைக்காரர், "தீதி, பவர் சப்ளை எதுவானா என்ன, உள்ளதானே இருக்கப் போறது"ன்னு வேற ஏதோ ஒண்ணை எடுத்து நீட்டினார். நீ எழுதினதை அப்படியே சொன்னேன், மத்ததையும் கூட்டிண்டு போகும்னு. சிரிச்சுண்டே உள்ள போய் சரியானதைக் கொண்டு வந்தார்.

டப்பா எல்லாம் வீட்டுக்கு வந்து அஞ்சு நாள் பிரிக்கலை. பயம்தான். சனிக்கிழமை காலம்பர சாப்பாட்டு மேஜையைத் துடைச்சுட்டு உட்கார்ந்தேன். ப்ராசஸரை நீ சொன்ன மாதிரி அழுத்தாம வச்சேன். அம்மா எதிர்ல மூச்சு விடாம நின்னுண்டிருந்தா. ப்ராசஸரைப் பிடிச்சுக்கற அந்தக் கம்பியை அழுத்தி மூடறப்போ ஒரு கிறீச் சத்தம் வந்தது பாரு, நான் ஊசியெல்லாம் போச்சுன்னு நினைச்சு அழவே ஆரம்பிச்சுட்டேன். அது அப்படித்தான் சத்தம் போடுமாம். நீ சொல்லியிருக்கலாம்.

முதல் தடவை பட்டனை அழுத்தினப்போ ஒண்ணும் வரலை. ஒரு ரேமைச் சரியா அழுத்தாம விட்டிருந்தேன். ரெண்டாவது தடவை வந்தது. அம்மா கை தட்டினா. ஓடறதா இல்லையான்னு காதை வச்சுக் கேட்டாத்தான் தெரியறது, அவ்வளவு நிசப்தம்.

ஒரே ஒரு விஷயம். கேபினட்டைத் தொட்டா விரல்ல லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. செருப்பு போட்டுண்டா இல்லை, வெறுங்காலோட நின்னா இருக்கு. அம்மாவைத் தொடச் சொன்னேன், "எனக்கு ஒண்ணும் தெரியலையே"ங்கறா. என் மனசுல இருக்கற பயம்தான் விரல்ல வரதோ என்னவோ. மிஸ்திரியைக் கூப்பிட மறந்துட்டேன், திட்டாதே. அடுத்த வாரம் கூப்பிடறேன்.

சாதனா


கப்பலிலிருந்து
9 டிசம்பர், மதியம்

சாதனா,

இதைப் படித்தவுடன் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணை. பிறகு மீதியைப் படி.

அது உன் மனசு இல்லை. அம்மா செருப்போடு தொட்டிருப்பாள். எந்தக் கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலும் துளி மின்சாரம் வெளித் தகட்டுக்குக் கசியும். அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். உன் விரலுக்கு வருகிறது என்றால் மண்ணுக்குப் போக வழி இல்லை. எங்கோ அந்தக் கம்பி அறுந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் கசிவது கொஞ்சம், அதனால் ஆபத்தில்லை. ஆனால் வீட்டில் எல்லாப் பிளக்குக்கும் அதே எர்த் கம்பிதான். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர். அவற்றில் ஒன்று உள்ளே பழுதானால் முழு மின்சாரமும் எல்லா இரும்பிலும் வந்து நிற்கும்.

கீசரைப் போடாதீர்கள். அப்பா பாத்ரூமுக்குள் போகவே போகாதீர்கள். அம்மாவிடம் சொல். இப்போதே சொல்.

கேப்டனிடம் கெஞ்சி சாட்டிலைட் போனில் மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தெரியாத எண் என்று விட்டிருப்பாய். அம்மா போன் அணைந்திருக்கிறது. எடு, சாதனா. எந்த எண்ணாக இருந்தாலும் எடு.

நரேன்


கரியாஹாட்
10 டிசம்பர், மத்தியானம்

அண்ணா,

உன் கடுதாசியை இப்போதான் பார்த்தேன். அம்மா உயிரோட இருக்கா. பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கா. நான் அவ புடவையைப் பிடிச்சுண்டு எழுதறேன்.

இன்னிக்கு எனக்கு வீட்லேர்ந்தே வேலை. எட்டரை இருக்கும். மிஷின் ஓடிண்டிருந்தது. பின்னாடி ஸ்பீக்கர் ஒயரைச் சொருகறதுக்காகக் கேபினட்டைப் பிடிச்சேன். எறும்பு இல்லை அண்ணா. யாரோ தோளோட பிடிச்சு இழுத்து எறிஞ்ச மாதிரி இருந்தது. கட்டில் கால்ல போய் விழுந்தேன். கை தோள்வரைக்கும் மரத்துப் போச்சு. ஒரு நிமிஷம் என்ன நடந்ததுன்னே புரியலை. விழுந்த இடத்துலேர்ந்து நேரா பாத்ரூம் கதவு தெரியறது. கதவுக்கு மேல இருக்கற கண்ணாடி வழியா உள்ள கீசரோட சிவப்பு விளக்கு எரியறது தெரியறது.

மூணு வருஷமா எரியாத விளக்கு. ரெண்டு நாளா நல்ல குளிர். முழங்காலுக்கு வெந்நீர் விட்டுக்கலாம்னு அம்மா, என்கிட்ட சொன்னா வேண்டாம்பேன்னு, சொல்லாமலே உள்ள போயிருக்கா.

உள்ள பக்கெட்டை இழுக்கற சத்தம் கேட்டது. நான் கத்தினேன், "அம்மா! குழாயைத் தொடாதே! எதையும் தொடாதே!"

"என்னடீ?"ன்னா.

"அப்படியே நில்லும்மா! கையைத் தூக்கிண்டு நில்லு!"

எழுந்து ஓடிப்போய் ஹால்ல மெயினை அணைச்சேன். அணைச்சுட்டும் நம்பிக்கை வரலை. அம்மா கதவைத் திறந்து வெளியில வந்தப்போ ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிண்டிருந்தா. போலீஸ்ல பிடிபட்டவ மாதிரி. என் முகத்தைப் பார்த்துட்டு, சிரிக்க வந்தவ நிறுத்திண்டா. குழாய்க்கும் அவ விரலுக்கும் ஒரு சாண் இருந்ததாம்.

உத்தம்தாவைக் கூப்பிட்டேன். மார்க்கெட் பக்கத்துல கடை வச்சிருக்காரே, அந்த மிஸ்திரி. எங்களை வெளியில நிறுத்திட்டு, மெயினைத் திரும்பப் போட்டு மீட்டரை வச்சுப் பார்த்தார். குழாய்ல இருநூத்திப் பத்து வோல்ட். கீசருக்குள்ள இருக்கற கம்பி வெடிச்சு, ரொம்ப நாளாவே கசியறதாம். அப்புறம் கீழ மீட்டர் ரூமுக்குப் போனோம். பில்டிங்கோட எர்த் கம்பி அந்தரத்துல நிக்கறது. நாலு வருஷம் முன்னாடி மீட்டர் போர்டை இடம் மாத்தினப்போ யாரோ வெட்டியிருக்கா. வெட்டின நுனியில கறுப்பு டேப் சுத்தி, அழகா, ஒழுங்கா.

உத்தம்தா மேல வந்து கீசரோட சுவிட்சைக் கழட்டிண்டே சாதாரணமா கேட்டார். "தீதி, கம்பி வெட்டினதுக்கப்புறம் இதுல யாராவது குளிச்சிருக்காங்களா?"

நானும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கலை.

அண்ணா, அப்பா வலது உள்ளங்கையில வெள்ளையா ஒரு சின்னக் காயம் இருந்ததே. விழுந்தப்போ பட்ட அடின்னு சொன்னோமே. ஏற்கெனவே இருதயத்துல ஸ்டென்ட் வச்ச மனுஷன்னு பார்த்துட்டு டாக்டரும் இருதயம்னே எழுதினாரே.

எனக்கு இதுக்கு மேல எழுத வரலை.

சாதனா


கப்பலிலிருந்து
12 டிசம்பர்

சாதனா,

நேற்று போனில் உன் குரலைக் கேட்டேன். நீ பேசினாய், நான் பேசவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது.

எழுதுகிறேன். அழித்துவிடாமல் கடைசிவரை படி.

அப்பா இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு நான் லீவு முடிந்து கிளம்பினேன். கிளம்புகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வாசல்படியில் நின்று, "நரேன், பாத்ரூம் குழாயைத் தொட்டா சுருக்குங்கறதுடா, கொஞ்சம் பார்க்கறயா?" என்றார். டாக்ஸி வந்துவிட்டது. "குளிர்காலத்துல அப்படித்தான்பா இருக்கும், ஒண்ணும் பண்ணாது" என்றேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்.

என் வேலை என்ன தெரியுமா? கப்பலில் எங்காவது எர்த் கசிந்தால் என் அறையில் ஒரு விளக்கு எரியும். அதைப் பார்த்து, எந்தக் கம்பி என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பதினோரு வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். என் அப்பா நேரில் நின்று சொன்னார். எனக்கு விளக்கு எரியவில்லை.

உன் போன் வந்தபோது, பாத்ரூம் என்று நீ சொன்னவுடனே எனக்கு அது ஞாபகம் வந்தது. ஒரு நொடி. அந்த நொடியைத் தாங்க முடியாமல்தான் ஹெட்போனைப் பற்றிக் கத்தினேன். அதன்பின் உன்னிடம் பேசினால் இது வெளியில் வந்துவிடும் என்று பேசவே இல்லை. உன் மேல் கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். பயம் அது, சாதனா. இத்தனை நாளும் பயம்தான்.

இன்னொன்று. அன்று அப்பாவைத் தூக்க நீ உள்ளே ஓடியபோது கீசரின் சிவப்பு விளக்கு எரிந்ததா? எரிந்திருக்காது. தண்ணீர் கொதித்ததும் கீசர் தானாக நின்றுபோகும், குழாயில் மின்சாரமும் நின்றுவிடும். அதனால்தான் நீ அவரைத் தூக்க முடிந்தது. சத்தம் கேட்டு நீ உடனே ஓடிப்போய் அவரைப் பிடித்திருந்தால் அம்மா மார்க்கெட்டிலிருந்து திரும்பி இரண்டு பேரைப் பார்த்திருப்பாள். உன் காதில் அது இருந்ததால்தான் நீ இருக்கிறாய். நான் சொன்னதற்கு நேர் எதிர்தான் உண்மை.

மன்னிப்பு கேட்க எனக்கு முகமில்லை. அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய்.

நரேன்


கரியாஹாட்
19 டிசம்பர்

அண்ணா,

உன் கடுதாசியை ரெண்டு நாள் தனியா திரும்பத் திரும்பப் படிச்சேன். மூணாம் நாள் அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. இந்த வீட்ல மறைச்சது போதும்னும் தோணித்து.

அம்மா முழுக்கக் கேட்டா. அப்புறம் சொன்னா, "என்கிட்டயும் சொன்னாரேடீ. ஈரக் கையோட தொடாதீங்கோன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்." அதுக்கப்புறம் அழுதா. அப்பா போன அன்னிக்குக்கூட அப்படி அழுது நான் பார்க்கலை.

நாம மூணு பேரும் ஆளுக்கு ஒண்ணை வச்சுண்டு தனித்தனியா உட்கார்ந்திருந்திருக்கோம், அண்ணா.

நீ எழுதின மாதிரிதான். விளக்கு எரியலை. எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு, கதவைத் திறந்தப்போ உள்ள இருட்டாத்தான் இருந்தது. நான் தப்பிச்சேன்னு நீ எழுதினதைப் படிச்சப்போ சந்தோஷம் வரலை. பயம்தான் வந்தது. இப்பவும் குழாயைப் பார்த்தா முதல்ல கையைப் பின்னாடி இழுத்துக்கறேன்.

ஒரு காரியம் பண்ணினேன். பில்டிங்ல பதினோரு ஃப்ளாட். எல்லாத்துக்கும் அதே வெட்டின கம்பிதானே? உத்தம்தாவைக் கூட்டிண்டு ஒவ்வொரு கதவா தட்டினேன். சில பேர் உள்ளேயே விடலை, இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுங்கற மாதிரி பார்த்தா. ரெண்டாவது மாடி ஜெயலக்ஷ்மி மாமி வீட்ல வாஷிங் மெஷின்ல மீட்டர் நூத்தித் தொண்ணூறு காட்டித்து. அவ பேத்தி அதுல சாய்ஞ்சுண்டுதான் தினம் பல் தேய்க்குமாம், பிளாஸ்டிக் ஸ்டூல் மேல ஏறி நின்னுண்டு. மாமி என் கையைப் பிடிச்சுண்டு விடவே இல்லை. புதுசா எர்த் குழி தோண்டி, செம்புத் தகடு புதைச்சாச்சு. ஒவ்வொரு வீட்லயும் கசிஞ்சா தானே விழற சுவிட்சும் போட்டாச்சு. உத்தம்தா தினமும் வந்து ஒரு தடவை அளந்து பார்த்துட்டுப் போறார், நாங்க கேக்காமலே.

ஜனவரியில இறங்கறேன்னு அம்மாகிட்ட போன்ல சொன்னியாம். உனக்கு ரூம் ஒழிச்சு வைக்கச் சொல்றா.

மன்னிச்சுட்டேன்னு எழுதினா அது பொய். எனக்கு உன் மேல கோபம் இருக்கு. இது புதுக் கோபம். பழசு இருந்தப்போ உன் பேரைக் கேட்டாலே கதவைச் சாத்திக்கணும் போல இருக்கும். இதுல உன்னை எதிர்ல உட்கார வச்சு, கத்தி, நீ என்ன சொல்றேன்னு கேக்கணும் போல இருக்கு.

எந்த ஃப்ளைட்டுன்னு எழுது. ஏர்போர்ட்டுக்கு நான் வரேன்.

சாதனா